அடிக் கணக்கில் ஒரு ஏரி

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைத்தண்ணீர் நிறைந்து வரப்பு கரையத் தொடங்கும். வாரிக் குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடிவிட்டால், தை பிறக்கும் வரை அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கையில் நேரம் இருக்கும், காசு இருக்காது. எங்கள் இடையஞ்சாவடியில் உப்பு விளைவதில்லை. எங்களுக்குச் செம்மண்ணும் முந்திரியும் ஆரோவில் வேலையும்தான். ஆனால் தெருவில் பல வீடுகளுக்குக் கொண்டான் கொடுத்தான் உறவு உப்பளத்துப் பக்கம் உண்டு. கார்த்திகையில் சபரிமலைக்கு எங்கள் ஊர் வேன் கிளம்பும்போது அந்த உறவுகளும் வந்து ஏறிக்கொள்வார்கள். மாலை போட்ட சாமிகள் பாதி, "அப்படியே நாலு ஊரு பாத்துட்டு வரலாம்" என்று வருகிறவர்கள் பாதி. சாமிகளுக்கு ஐயப்பன், மற்றவர்களுக்குத் தேக்கடிப் படகு. வேனில் இந்த ஒப்பந்தம் பல வருடமாக இருக்கிறது.

கூட்டம் அதிகமாகும் நாட்களில் தேனிப் போலீஸ் வண்டிகளை ஒருவழியாக்கிவிடும். போகும்போது கம்பம்மெட்டு, திரும்பும்போது குமுளி. அதனால் போகையில் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் இருட்டில், தூக்கத்தில் கடந்துவிட்டோம். இது நல்லதாகப் போயிற்று என்று பின்னால் தோன்றியது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அது எங்கே போகிறது என்பதைப் பகலில் பார்க்கக் கிடைத்தது.

குமுளி இரண்டு மாநிலங்கள் முதுகோடு முதுகு உரசிக்கொண்டு நிற்கிற ஊர். கம்பி கட்டிய சாலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பேருந்துகள், அந்தப் பக்கம் ஏலக்காய் வாசனை. நேந்திரங்காய் வறுவல், மிளகு, யூகலிப்டஸ் தைலம் விற்கும் கடைகள் வரிசையாக. கடைக்காரர்கள் நம் நெற்றியைப் பார்த்தே எந்த மொழியில் பேசுவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அங்கே இரவு தங்கி, காலை ஏழரைப் படகுக்கு விடியுமுன்னே போய் வரிசையில் நின்றோம்.

சொந்த வண்டியில் படகுத்துறைக்குப் போக முடியாது. ஆனவச்சால் என்ற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் போகவேண்டும். அந்த வாகன நிறுத்துமிடத்துக்கே ஒரு வழக்குக் கதை உண்டு. அது பெரியாற்று அணைக்கான குத்தகை நிலத்துக்குள் வருகிறது என்று தமிழ்நாடு சொல்ல, இல்லை என்று கேரளம் சொல்ல, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பேருந்துக்காகக் காத்து நின்ற யாருக்கும் இது தெரிந்ததாகத் தெரியவில்லை. தேக்கடியில் காலை வைக்கிற இடமெல்லாம் இப்படித்தான், எங்கே மிதித்தாலும் கீழே ஒரு பத்திரம் இருக்கும்.

டிக்கெட்டுக்குப் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. "படகு ஏறதுக்கு எதுக்குடா வயசு?" என்று மரக்காணத்திலிருந்து மாமாவோடு வந்திருந்த அத்தை கேட்டார். காரணம் எனக்குத் தெரியும். ஏறுவதற்கு முன்னால் சொல்ல மனம் வரவில்லை.

படகு இரண்டு தட்டு. இருக்கைகள் தரையோடு முடுக்கியவை. ஏறியதும் ஒவ்வொருவர் மேலும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டு, நாடாவை இழுத்துக் கட்டி, கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தைக் கிளப்பினார்கள். கறுப்பு வேட்டிக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை போட்ட மாமா ஏதோ புதுக் கட்சி ஆரம்பித்தவர் மாதிரி இருந்தார். பனி ஏரியின் மேல் இன்னும் விலகவில்லை. முதலில் சத்தம் மட்டும் போனது, பிறகு தண்ணீர் தெரிந்தது, அப்புறம்தான் மரங்கள் தெரிந்தன.

தேக்கடியைப் புகைப்படத்தில் பார்த்த எவருக்கும் அந்த மரங்களைத் தெரியும். ஏரியின் நடுவிலிருந்து கறுப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும் பட்டுப்போன அடிமரங்கள். ஒன்றின் மேல் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் பாம்புத்தாரா கழுத்தை வளைத்து நீட்டி ஆட்களை எண்ணுவதுபோல உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் எல்லோரும் செல்பேசியைத் தூக்கிவிட்டார்கள்.

அத்தை செல்பேசி எடுக்கவில்லை. "இன்னாடா இது, காடே தண்ணில முழுவிப் போயிருக்கு?" என்றார்.

முழுகிய காடுதான். 1895இல் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது உள்ளே மாட்டிக்கொண்ட மரங்கள் அவை. நூற்று முப்பது வருடமாக அப்படியே நிற்கின்றன என்றேன். அத்தை நம்பவில்லை, பிறகு நம்பினார். "தண்ணிக்குள்ளயே இருக்குற மரம் மக்காது. ஏறி எறங்குற எடந்தான் மக்கும். எங்க மதகுப் பலகையைப் பாரு, அடில கல்லு மாதிரி இருக்கும், நடுவுல கை வெச்சா உதுரும்" என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பல மரங்கள் தண்ணீர் தொடும் இடத்துக்கு மேலே அரித்து மெலிந்து முனை கூர்த்திருந்தன. தண்ணீர் எதுவரை ஏறியது, எதுவரை இறங்கியது என்ற கணக்கை அந்தக் கட்டைகள் தங்கள் உடம்பிலேயே வைத்திருந்தன.

இந்தக் கணக்குத்தான் தேக்கடி ஏரி. நாம் மலை, மஞ்சு, யானை என்று பார்த்துவிட்டு வருகிறோம். ஆனால் இது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல, ஒரு வேலைக்காகக் கட்டிய தொட்டி. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மலை மேலேயே நிறுத்தி, ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்க வழியாக மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகைப் படுகைக்குள் விட்டார்கள். இந்த யோசனை அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு முன்பே உண்டு. சேதுநாட்டுப் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் வந்து பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று எழுதிவைத்தார். 1850இல் சின்னதாக ஒன்றைக் கட்டத் தொடங்கிக் காய்ச்சல் தாங்காமல் விட்டுவிட்டார்கள். ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் வேலை தொடங்கி எட்டு வருடத்தில் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும்தான் சரக்கு. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது, காலராவிலும் காய்ச்சலிலும் கூலியாட்கள் செத்தார்கள். 1895 அக்டோபர் 10ஆம் தேதி ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

கட்டுவதற்கு முன்னால், 1886இல், சென்னை மாகாணத்துக்காகப் பிரிட்டிஷ் அரசு திருவிதாங்கூரோடு ஒரு குத்தகை எழுதியது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 வருடம். ஆயிரத்துக்கு ஒன்று குறைத்து எழுதுகிற அந்தக் காலத்துக் கச்சேரி வழக்கத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு வருடத்தை விட்டுக்கொடுத்துவிட்டால் நிலம் முழுசாகப் போய்விடவில்லை என்று ஒரு மனத்திருப்தி போலும். 1970இல் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி வாடகையை 30 ரூபாயாக்கினார்கள். கீழே இறங்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு எழுத்தில் கிடைத்தது. மீன்பிடிக்கிற உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது.

ஆக, படகு கேரளத்துடையது, டிக்கெட் காசும் கேரளத்துக்கு. படகுக்குக் கீழே இருக்கிற தண்ணீரை எடுக்கும் உரிமை மட்டும் தமிழ்நாட்டினுடையது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நாம நம்ம தண்ணி மேலதான் காசு குடுத்துப் போறோமா சாமி?" என்றார். விரதத்தில் கோபப்படக் கூடாது என்பதால் அதோடு விட்டுவிட்டார்.

நம் மலைகளில் படகு விடுகிற ஏரிகள் பெரும்பாலும் இப்படி யாராவது வெட்டியோ கட்டியோ உண்டாக்கியவைதான். ஊட்டி ஏரியை 1820களில் ஜான் சல்லிவன் வெட்டவைத்தார். கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சின் வேலை. சதுப்பாகக் கிடந்த ஓடைப் பள்ளத்துக்குக் கரை போட்டுத் தேக்கி, தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்து விட்டார் என்பது அந்த ஊர்க் கதை. கொடைக்கானலில் துரைமார் பொழுதுபோகப் படகு தள்ளினார்கள், ஏரியைச் சுற்றிலும் பங்களாக்கள் வந்தன. அங்கே போனால் ஏரி ஒரு பூங்காவின் நடுக்குளம் மாதிரிதான் இருக்கும். மிதிபடகு, சோளக்கதிர், குதிரை, சைக்கிள். குற்றம் சொல்லவில்லை, எனக்கும் அந்தச் சோளக்கதிர் பிடிக்கும். ஆனால் கொடைக்கானல் ஏரியில் நீர்மட்டம் எவ்வளவு என்று யாரும் பத்திரிகையில் தேடுவதில்லை. தேக்கடியில் பொழுதுபோக்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே அடிதான் எல்லாம்.

அடி என்றால்: அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. பாதுகாப்பு பற்றிய பேச்சு எழுந்த பிறகு நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி வைத்தார்கள். 142 வரை ஏற்றலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளம் அதை மறித்துச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது, அந்த வருடக் கடைசியிலேயே தண்ணீர் 142ஐத் தொட்டது. இந்தப் பக்கம், 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறாது. இருந்தும் இல்லாத தண்ணீர் அது. 104க்கும் 142க்கும் இடையில் இருக்கிற அந்த 38 அடிதான் தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் உட்பட ஐந்து மாவட்டம் பார்த்துக்கொண்டிருக்கிற தண்ணீர்.

அத்தைக்கு அடி புரியவில்லை என்று நினைத்தேன். அவர் அளவே வேறு. உப்பளத்தில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. அங்கே ஆழத்தை யாரும் கேட்பதில்லை, டிகிரியைத்தான் கேட்பார்கள். கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்து, இந்தப் பாத்தி இத்தனை டிகிரி ஏறிவிட்டது, அடுத்த பாத்திக்கு மாற்று என்பார்கள். தண்ணீர் குறையக் குறையத்தான் அங்கே மதிப்பு. "கடலுக்குப் போற தண்ணியை இவன் மறிச்சி வயலுக்குத் திருப்பிட்டான். நாங்க கடல்லருந்து வர்ற தண்ணியை வயலுக்குத் திருப்புறோம். ரெண்டும் வாய்க்கா வேலதான்" என்று ஒரே வரியில் முடித்தார். நான் ஒரு பக்கம் எழுதி இதைச் சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. கழுவெளி. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்புகளில் ஒன்று. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இப்படிப் படகு விட முடியாது. பெரும்பாலான இடங்களில் ஆள் நடந்தே போகலாம். பூநாரை வரும் மாதங்களில் அந்த முழங்கால் தண்ணீர்தான் அதற்குத் தேவை. படகு இல்லாமல் இருப்பது அந்த ஏரி செய்த புண்ணியம் என்றே நினைக்கிறேன்.

பனி விலகியபோது கரை தெரிந்தது. தண்ணீரையொட்டி ஒரு பட்டை பச்சைப் புல், அதற்கு மேல் காடு. தொலைவில் புல்லில் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தன. கடமான் என்றார் ஒருவர், காட்டுப்பன்றி என்றார் படகுக்காரர். பன்றிதான். ஐந்து பன்றிகள் வாலைத் தூக்கிக்கொண்டு மண்ணைக் கிளறின. பிறகு ஒரு திருப்பத்தில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று தலை காட்டி மூழ்கியது. அவ்வளவுதான். மூன்று மாநிலங்களிலிருந்து வந்திருந்த கூட்டம் யானையைத் தேடிக்கொண்டே இருந்தது.

இதிலும் அடிக்கணக்குத்தான் ஆட்சி செய்கிறது. கார்த்திகையில் ஏரி ததும்பி நிற்கும், காட்டுக்குள் ஓடையெல்லாம் தண்ணீர் இருக்கும். யானைக்கு நம் படகுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கரைக்கு வந்து குடிக்கவேண்டிய தேவை என்ன? மாசி, பங்குனியில் சுரங்கம் உறிஞ்சி ஏரி இறங்கும். இறங்கிய கரையில் புது மண்ணில் புல் முளைக்கும். உள்காட்டில் ஓடை வற்றும். அப்போது யானையும் காட்டெருமையும் கரைக்கு வரும், கட்டைகளும் உயரமாகத் தெரியும். பயணி நல்ல படம் எடுக்கிற வருடம் விவசாயிக்குக் கெட்ட வருடம். ஏரி நிறைந்து விவசாயி சந்தோஷமாக இருக்கும்போது, படகில் வருகிறவர்கள் "பன்னியைக் காட்டவா கூட்டியாந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

யாரோ மேல்தட்டில் "யானை!" என்று கத்தினார்கள். படகே ஒரு பக்கம் எழுந்தது. காவலர் விசிலை ஊதிக்கொண்டு, "இருங்க, இருங்க, யாரும் எழும்பக் கூடாது!" என்று தமிழிலும் மலையாளத்திலும் கையாலும் சொன்னார். குரலில் எரிச்சல் இல்லை, பயம் இருந்தது. யானையும் இல்லை, அது ஒரு பாறை.

அந்தப் பயத்துக்குத் தேதி உண்டு. 2009 செப்டம்பர் 30, மாலை நேரப் படகு. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஜலகன்யகா என்ற இரண்டு தட்டுப் படகு மணக்கவலைப் பக்கம் கவிழ்ந்தது. ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு. கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது சாய்ந்தது என்று தப்பித்தவர்கள் சொன்னார்கள். படகின் வடிவமும் ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கையும் விசாரணையில் கேள்விக்குள்ளாயின. மிதவைச் சட்டை யார் உடம்பிலும் இல்லை. 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளி மாநிலத்தார், அவர்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் உண்டு. பத்து வருடம் கழிந்தும் வழக்கு முடியவில்லை. பெயர், வயது, ஊர் எழுதச் சொன்னது எதற்கென்று அத்தையிடம் அப்போதுதான் சொன்னேன். தன் மிதவைச் சட்டை நாடாவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, மாமாவின் நாடாவையும் இழுத்துக் கட்டினார். எங்கள் கரையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் கணக்கு எல்லா ஊரிலும் உண்டு. அது பிழைக்கப் போன இடத்தில் வந்த சாவு. வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் 45 பேர் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இறங்கும்வரை கரைப்பக்கம் திரும்பவே இல்லை, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அணையைப் பார்க்க முடியாது என்று தெரிந்தபோது வேனில் வந்த பலருக்கு ஏமாற்றம். படகு பாதி ஏரியில் திரும்பிவிடுகிறது. அணை இன்னும் தூரத்தில், வளைவுகளுக்கு அப்பால். துறையிலிருந்து தண்ணீர் வழியாகப் பதினான்கு கிலோமீட்டர் இருக்கும். சுற்றுலாப் பயணிக்கு அங்கே அனுமதி கிடையாது. தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் தங்கள் துறைப் படகில் போய்வருவார்கள். அந்தப் படகுகளுக்குக் கண்ணகி, ஜலரத்னா என்று பெயர். கண்ணகி என்று வைத்தவர் விவரமானவர்தான். இந்தக் காட்டின் விளிம்பில் மலையுச்சியில்தான் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது, சித்திரா பௌர்ணமிக்கு ஒரே ஒரு நாள் இரண்டு மாநிலப் போலீஸ் காவலோடு திறப்பார்கள். தமிழன்னை என்று இன்னொரு படகும் வாங்கினார்கள். ஓட்ட அனுமதி வராமல் அது பல வருடம் துறையிலேயே கட்டிக் கிடந்தது. பெயர் வைப்பதில் இருக்கிற வேகம் நமக்கு மற்றதில் இருந்திருந்தால் என்று மாமா ஏதோ சொல்லவந்து, விரதம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் அவருக்குச் சொன்னேன், அவர் மரக்காணத்துக்காரர் என்பதால். 1876இலிருந்து 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாதுவருடப் பஞ்சம்தான் பெரியாற்றுத் திட்டத்தை மறுபடி மேசை மேல் வைத்தது. மதுரைச் சீமையில் சனம் கொத்துக் கொத்தாகச் செத்ததைப் பார்த்த பிறகே அரசு அசைந்து, 1882இல் பென்னிகுவிக்கிடம் வேலையைக் கொடுத்தது. அதே பஞ்சத்தில், அதே மாகாணத்தில், சனத்துக்குக் கூலி கொடுப்பதற்காகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள். ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. அந்தக் கால்வாயின் தெற்கு முனை மரக்காணம். உப்புத் தோணிகள் அதில்தான் சென்னைக்குப் போயின. "எங்க தாத்தா அந்தத் தோணில மூட்ட ஏத்தனவருதான்" என்றார் மாமா. தோணி நின்று பல காலமாகிவிட்டது, கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. அதே பஞ்சத்தை ஒட்டி வந்த இந்த ஏரி மட்டும் இன்னும் வேலை செய்கிறது. பென்னிகுவிக்குக்கு இங்கே வைப்பதுபோல, பக்கிங்ஹாமுக்கு மரக்காணத்தில் யாரும் பொங்கல் வைப்பதில்லை.

துறைக்குத் திரும்பியபோது மூங்கில் தெப்பத்தில் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது. அதற்கு வழிகாட்டிகள் இந்தக் காட்டுக்காரர்கள். மன்னான், பளியர் குடிகளிலிருந்து வந்தவர்கள் உண்டு. ஒரு காலத்தில் இங்கே வயனப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்கு மேல் வழக்கு வாங்கியவர்களையே வனத்துறை 1990களில் அழைத்துப் பேசிக் காவலாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கியது. காட்டில் எந்தத் தடம் எங்கே போகும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மறுபடி வந்தால் அந்தத் தெப்பத்தில் போகவேண்டும். இயந்திரச் சத்தம் இல்லாமல் ஐந்து பன்றியைப் பார்த்தாலும் போதும்.

குமுளியிலிருந்து இறங்கும் மலைச்சாலையில்தான் ஏரி உண்மையில் என்னவென்று தெரிகிறது. சுரங்கத்திலிருந்து வெளிவந்த தண்ணீர் போர்பை என்று இங்கே சொல்கிற சிறு தேக்கத்தில் நின்று, நான்கு ராட்சதக் குழாய்களில் மலையிறங்குகிறது. குழாயில் அடங்காததைத் திறந்துவிடுகிற இடத்துக்கு இரைச்சல் பாலம் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் இடம் தெரியும். நாங்கள் போன அன்று அது முழங்கிக்கொண்டிருந்தது. வேனை நிறுத்தச் சொல்லி எல்லோரும் இறங்கினார்கள். தேக்கடியில் கிடைக்காத உற்சாகம் அங்கே கிடைத்தது. அடிவாரத்தில், லோயர் கேம்ப்பில், குழாய்கள் மின்நிலையத்துக்குள் போய் முடிகின்றன. அந்தப் பக்கத்தில்தான் 2013இல் திறந்த பென்னிகுவிக் மணிமண்டபம். அவர் இங்கிலாந்துச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று பள்ளத்தாக்கில் சொல்லாதவர் இல்லை. ஆவணத்தில் அதற்குச் சான்றில்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சான்று இல்லாததால் ஒரு மாலைகூடக் குறையவில்லை. தை முதல் நாளையொட்டி, ஜனவரி 15 அவர் பிறந்த நாள் என்று, பாலார்பட்டியில் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள்.

லோயர் கேம்ப் தாண்டிவிட்டால் பச்சைதான். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர். சாலையின் இரண்டு பக்கமும் வாழை, தென்னை, கல்தூண் ஊன்றிய பந்தலில் பன்னீர்த் திராட்சை, நடுவில் இரு போக நெல். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரு போகம் என்று அந்த எண்ணைக் குழந்தைகூட ஒப்பிக்கும். இரவில் தூங்கிக்கொண்டே கடந்த பூமி இது. செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் வரை ஏரிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இவ்வளவு வாய்க்கால் தண்ணீர் மலைப்பாக இருந்தது. வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த பையன்கள் எங்கள் வேனைப் பார்த்து "சாமியே!" என்று கூவினார்கள்.

கம்பத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கல்லாவுக்கு மேல் முருகன், பக்கத்தில் மீசையோடு பென்னிகுவிக், இரண்டுக்கும் ஒரே பூச்சரம். கடைக்காரர் மாமாவின் வேட்டியைப் பார்த்துவிட்டு, "சாமி, தேக்கடி போயிட்டா வர்றீக? டேம்ல எத்தன அடி நிக்கிது?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் அந்தத் தண்ணீரின் மேல் சுற்றிவிட்டு வந்திருக்கிறோம். படகில் ஒருவரும் கேட்கவில்லை, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. "அடி தெரியல சாமி. பன்னி அஞ்சு பாத்தோம்" என்றார் மாமா.

கடைக்காரர் சிரித்துவிட்டு பெஞ்சில் கிடந்த பேப்பரைப் பிரித்தார். தேனிப் பக்கத்தில் மூலையில் கட்டம் போட்டிருந்தது. நீர்மட்டம் அடியில், வரத்தும் வெளியேற்றமும் கன அடியில். "நேத்தைக்கு இன்னிக்கு அரை அடி ஏறிருக்கு. ரெண்டாம் போகத்துக்குக் கவல இல்ல" என்று எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"நூத்தி நாப்பத்திரண்டு வந்தா இன்னா பண்ணுவாங்க?" அத்தை கேட்டார்.

"அதுக்கு மேல நிறுத்த விடமாட்டாக. கேரளாப் பக்கம் தொறந்துருவாக, இடுக்கி டேமுக்குப் போயிரும். நமக்கு நட்டந்தான்" என்றார் கடைக்காரர். "நீங்க எந்த ஊர்ம்மா? அங்கிட்டுத் தண்ணி வசதி எப்படி?"

"மரக்காணம். எங்களுக்குத் தண்ணி கூடாதுங்க. மழ வராம இருந்தாத்தான் வெளச்சல்."

கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்தினார். "தண்ணி இல்லாம என்னம்மா வெளையும்?"

"உப்பு."

"உப்பு தூத்துக்குடில இருந்துல்ல வருது?"

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கடல் தண்ணீர் மூன்று டிகிரியில் உள்ளே வருவதிலிருந்து ஆரம்பித்தார். முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி, காற்று எந்தப் பக்கம் அடிக்கவேண்டும், எந்த நேரத்தில் கிளறக் கூடாது, இருபத்தைந்தில் எப்படிப் பூக்கும், வாருபலகையை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று கையாலேயே காட்டிக்கொண்டு. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரும் பெஞ்சில் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார், இன்னொரு முறையும் அடித்தார். அத்தை அப்போது பதினெட்டு டிகிரியில்தான் இருந்தார்.